பினாங்குக் கடலில் மதியச் சாப்பாட்டுப் படகு: சீட்டு எடுப்பது முதல் கரை இறங்குவது வரை

துறைமுகத்தைச் சுற்றிக் காட்டி மதியச் சாப்பாடும் போடுகிற படகில் நமக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம், அதிகம் போனால் இரண்டு மணி நேரம். அதற்குள் சாப்பிடவும் வேண்டும், பார்க்கவும் வேண்டும். ஹோட்டலுக்குப் போவதுபோல் போய் உட்கார்ந்தால், தட்டோடு வரிசையில் நிற்கும்போதே கார்ன்வாலிஸ் கோட்டை கடந்து போய்விடும். சாப்பிட்டு முடித்து நிமிரும்போது படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். எப்போது சாப்பிடுவது, எந்தப் பக்கம் உட்காருவது, எப்போது எழுந்து மேல்தளத்துக்குப் போவது என்ற மூன்றையும் ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டால் கொடுத்த காசுக்கு இரண்டும் கிடைக்கும்.

சீட்டு எடுக்கும் முன்

முதலில் எந்த ஜெட்டி என்று கேளுங்கள். ஜார்ஜ்டவுனில் படகு ஏறும் இடம் ஒன்றல்ல. சுவெட்டன்ஹாம் ஜெட்டி, வெல்ட் கீ பகுதி மரினா, தஞ்சோங் தோக்கோங் பக்கம் இருக்கும் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ மரினா என்று பல இடங்களிலிருந்து படகுகள் புறப்படுகின்றன. ஸ்ட்ரெய்ட்ஸ் கீ ஒரு மூலை, வெல்ட் கீ ஒரு மூலை. சனி, ஞாயிறு நெரிசலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் படகு கிளம்பிவிடும். ‘ஜார்ஜ்டவுன் ஜெட்டி’ என்று மட்டும் எழுதியிருந்தால் வரைபடத்தில் புள்ளி போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்து, படகு உண்மையில் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேளுங்கள். விளம்பரத்தில் உள்ள இரண்டு மணி நேரத்தில் ஏறுவது, வரவேற்பு பானம், பாதுகாப்பு விளக்கம், இறங்குவது எல்லாம் அடங்கியிருக்கலாம். கயிறு அவிழ்த்ததிலிருந்து கயிறு கட்டும் வரை எத்தனை நிமிடம் என்பதுதான் கேள்வி. கூடவே எந்த வழி என்பதையும் கேளுங்கள். வடக்கே கர்னி பக்கம் போகுமா, தெற்கே பினாங்குப் பாலம் வரை போகுமா, பாலத்துக்கு அடியில் நுழையுமா? பாலத்தைப் பார்க்கவே வருபவர்கள் இதைக் கேட்காமல் சீட்டு எடுத்துவிட்டு, தூரத்தில் ஒரு கோடாகப் பாலத்தைப் பார்த்துத் திரும்புவது அடிக்கடி நடக்கிறது.

ஆள் குறைந்தால் ரத்தாகுமா, புயல் மழை வந்தால் பணம் திரும்புமா, வேறு தேதி தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிறந்தநாள், பணி ஓய்வு என்று முழுப் படகையும் வாடகைக்கு எடுப்பவர்கள் எரிபொருள், படகோட்டி, துப்புரவு, கூடுதல் மணி நேரத்துக்கான கட்டணம் எல்லாம் உள்ளடக்கமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆள் எண்ணிக்கை சொல்லும்போது கைக்குழந்தையையும் சேர்த்தே சொல்லுங்கள். பயணிகள் படகில் இத்தனை பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று அனுமதி எண் உண்டு. ‘சின்னப் பிள்ளைதானே’ என்று கடைசி நேரத்தில் நாலு பேரைக் கூட்டிப் போனால் ஜெட்டியிலேயே நிற்க வேண்டியிருக்கும். அந்த எண்ணைப் பொருட்படுத்தாமல் ஏற்றிக்கொள்ளும் படகாக இருந்தால், அதில் ஏறாமல் இருப்பதே நல்லது. கேக் வெட்டுவதாக இருந்தால் மெழுகுவத்தி ஏற்ற விடுவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். படகில் நெருப்புக்குப் பெரும்பாலும் தடை.

‘சைவம் இருக்கிறதா?’ என்ற கேள்வி போதாது

பினாங்கில் இந்தக் கேள்விக்கு எல்லோரும் ‘இருக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்றல்ல, அவர்கள் மனத்தில் இருக்கும் சைவம் வேறு. கறி போடாத காய்கறிப் பிரட்டல் அவர்களுக்குச் சைவம். அந்தக் கங்கோங் கீரையை வதக்கிய சம்பலில் பெலாச்சான் இருக்கும். இறாலை உப்பிட்டு நொதிக்க வைத்து அரைத்த விழுது அது. பச்சைக் காய்களும் பழங்களும் நறுக்கிப் போட்ட ரோஜாக்கில் ஊற்றும் கறுப்புக் குழம்பிலும் இறால் விழுதுதான். ஆசாம் லக்சாவின் சாறே மீனில் கொதித்தது. கறி துண்டே இல்லாத மீ கோரெங்கில் சிப்பி சாஸ் ஊற்றியிருக்கலாம், சம்பலில் நெத்திலி அரைத்திருக்கலாம்.

அதனால் கேள்வியைப் பிரித்துக் கேளுங்கள். பெலாச்சான் உண்டா, நெத்திலி உண்டா, மீன் சாஸ் அல்லது சிப்பி சாஸ் உண்டா, முட்டை உண்டா, பொரித்த எண்ணெய் எது? ஐந்தும் ஐந்து கேள்வி. புரட்டாசி மாதத்திலும் வெள்ளிக்கிழமைகளிலும் தைப்பூச விரத நாள்களிலும் குடும்பமாகப் போகிறவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லி, தனித் தட்டாக மூடி எடுத்து வரச் சொல்வது பாதுகாப்பு. பெரும்பாலான படகுகளில் சமையல் கரையில்தான் நடக்கிறது. படகில் சூடு காட்டுவதோடு சரி. கடலுக்குப் போன பிறகு கேட்டால் வெள்ளைச் சோறும் தர்பூசணியும்தான் மிஞ்சும்.

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ரெண்டாங் எந்த இறைச்சியில் செய்தது என்று கேட்க வேண்டும். பார்த்தால் தெரியாது, எந்த இறைச்சியானாலும் ஒரே கருஞ்சிவப்பு. பக்கத்துப் பாத்திரத்துக் கரண்டி மாறி விழுவதும் உண்டு. சாப்பாட்டு மேசை திறந்ததும் முதல் ஆளாகப் போனால் கரண்டிகள் கலக்காமல் இருக்கும். முஸ்லிம் குடும்பங்கள், மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் தரும் ஹலால் சான்றிதழ் சமையலறைக்கு இருக்கிறதா என்றும், படகில் மது பரிமாறுகிறார்களா என்றும் கேட்க வேண்டும். ‘பன்றி இல்லை’ என்ற அறிவிப்பு ஹலால் சான்றிதழ் ஆகாது.

இன்னொன்று. கரையில் பத்து, பதினோரு மணிக்கே சமைத்து ஏற்றிய உணவு, வெயிலில் தகிக்கும் ஒரு படகில் இருக்கிறது. சூடான பண்டங்கள் 60 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். மூடியைத் தூக்கினால் ஆவி வர வேண்டும், அடியில் சூட்டு விளக்கு எரிய வேண்டும். குளிர்ச்சியாகப் பரிமாற வேண்டியது பனிக்கட்டியின் மேல் இருக்க வேண்டும். தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு, வேகவைத்த இறால், மயோனைஸ் கலந்த சாலட் ஆகியவைதான் முதலில் கெடும். வெதுவெதுப்பாக இருந்தால் தொடாதீர்கள்.

நாளும் வெயிலும்

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பினாங்கில் மழை குறைவு, வானம் தெளிவு. ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலும் மழை கூடும். அக்டோபர்தான் உச்சம். ஆனால் இங்கே இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டிக்கொண்டு வரும். பன்னிரண்டு மணிப் படகு மழை மாதத்திலும் பல நாள் தப்பித்துவிடும், இரண்டரை மணிப் படகுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. கிளம்பும் முன் வானிலை ஆய்வுத் துறையின் மைகுவாச்சா செயலியைப் பாருங்கள். பதினோரு மணிக்கே கொடிமலையின் (பினாங்கு ஹில்) மேலோ எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் பின்னாலோ காலிஃபிளவர் போல மேகம் கொப்பளித்து மேலே ஏறினால் மேல்தள இடத்தை நம்பாதீர்கள். சில ஆண்டுகளில் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை புகைமூட்டம் வரும். அப்போது எதிர்க்கரையே தெரியாது, தேதியை மாற்றுவதே மேல்.

ஓதத்தையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் பினாங்கில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 2 மீட்டர் வித்தியாசம் வரும். வற்றத்தின்போது மிதவை ஜெட்டி கீழே இறங்கிவிட, கரையிலிருந்து அதற்குப் போகும் சாய்பாலம் செங்குத்தாகிவிடும். முழங்கால் வலி உள்ள அம்மா, அப்பாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் இதுதான் பெரிய தடை. ஓத நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆகவே போன வாரம் சமமாக இருந்த பாலம் இந்த வாரம் மலைச்சரிவாக இருக்கும். ஓத அட்டவணையில் புறப்படும் நேரம், திரும்பும் நேரம் இரண்டையும் பார்த்து நாள் குறியுங்கள்.

வெயில் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று. மலேசியக் கடிகாரம் கிழக்கே 120 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது, பினாங்கு இருப்பது 100 பாகைக்குச் சற்று அப்பால். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒரு மணிக்கும் ஒன்றரைக்கும் நடுவில். மதியப் படகு ஓடும் நேரமும் அதுவே. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும், நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். அந்த நேரத்தில் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதில் வித்தியாசமே இல்லை. தலைக்கு மேல் கூரை இருக்கிறதா என்பது மட்டுமே முக்கியம். துணிப்பந்தல் போதாது என்று நினைத்தால் கீழ்த்தளக் குளிர்சாதன அறையில் மேசை எடுத்துக்கொண்டு, பார்ப்பதற்கு மட்டும் மேலே ஏறுங்கள். எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத களிம்பைப் புறப்படுவதற்கு இருபது நிமிடம் முன்பு பூசுங்கள். தாடைக்கு அடியிலும் மூக்கின் கீழும் மறக்காமல் பூசுங்கள். கூரைக்கு அடியில் இருந்தாலும் தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி கீழிருந்து சுடும்.

படகு மயக்கம்

தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவிலுள்ள நீரிணை பொதுவாக அமைதியானது. தென்மேற்குப் பருவக்காற்றைத் தீவின் மலைகளே தடுத்துவிடுகின்றன. ஆட்டம் வருவது மூன்று இடங்களில். கோட்டை முனையைத் தாண்டி வடக்கே திறந்த கடலுக்குப் போகும்போது நீண்ட அலை வரும். ஃபெரியோ இழுவைப் படகோ கடந்து போன பின் பக்கவாட்டில் ஒரு குலுக்கல் வரும். நீரோட்டம் ஒரு திசையும் காற்று எதிர்த்திசையுமாக இருக்கும் நேரங்களில் குட்டை அலைகள் எழும்பும். படகு வேகமாகப் போகும்போதைவிட, படம் எடுப்பதற்காக மெதுவாக்கி நிறுத்தும்போதுதான் பக்கத்துக்குப் பக்கம் உருளும். வயிறு புரள்வதும் அப்போதுதான்.

உள்காது ‘ஆடுகிறோம்’ என்கிறது, கைப்பேசியையோ தட்டையோ பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘அசையவில்லை’ என்கிறது. இந்த முரண்பாடுதான் மயக்கம். ஆகவே மருந்தைவிட முதலில் இடம் முக்கியம். படகின் நீளவாக்கில் நடுப்பகுதி, கீழ்த்தளம், சன்னலோரம், முகம் படகு போகும் திசையில். முன்முனை மேலும் கீழும் அதிகம் ஏறி இறங்கும், மேல்தளம் அதிகம் சாயும், பின்முனையில் டீசல் புகை வரும். தலை கனத்தால் உடனே தொடுவானத்தைப் பாருங்கள். கொடிமலையின் உச்சிக்கோடு நகராமல் இருப்பதால் அது இன்னும் நல்லது.

மயக்கம் வருவது உறுதி என்று தெரிந்தவர்கள் டைமென்ஹைட்ரினேட் வகை மாத்திரையை மருந்தகத்தில் கேட்டு வாங்கி, ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு போடலாம். மயக்கம் தொடங்கிய பிறகு போட்டால் வாந்தியோடு போய்விடும். தூக்கம் வரும் என்பதால் மாத்திரை போட்டவர் திரும்பும்போது கார் ஓட்டக்கூடாது. யார் ஓட்டுவது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். கண் அழுத்தம், சிறுநீர்ப் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருந்தாளரிடம் சொல்லிவிட்டே வாங்க வேண்டும். இஞ்சி மிட்டாயோ சுக்கோ சிலருக்குப் போதும். கோடாலித் தைலம் உங்களுக்கு இதமாக இருக்கலாம், ஆனால் மூடிய அறையில் பக்கத்து மேசைக்காரருக்கு அந்த வாடையே குமட்டலைத் தொடங்கி வைக்கும். வெளியே போய்த் தடவுங்கள்.

வெறும் வயிற்றோடு வருவது தவறு. காலையில் இரண்டு இட்லியோ ஒரு ரொட்டி சானாயோ சாப்பிட்டுப் பசியாறிவிட்டு வாருங்கள். சந்தேகம் இருந்தால் முந்தைய நாள் பட்டர்வொர்த் ஃபெரியில் ஒருமுறை போய் வாருங்கள். சில வெள்ளியில், அதே நீரில், ஒரு சின்னப் பரிசோதனை. அதிலேயே தலை சுற்றினால் மேல்தள மேசைக்குக் கூடுதல் பணம் கட்ட வேண்டாம்.

உடுத்துவதும் கையில் எடுப்பதும்

ரப்பர் அடி போட்ட, பின்பட்டை உள்ள செருப்பு. குதிகால் உயர்ந்த செருப்பு சாய்பாலத்தின் இரும்புச் சட்ட இடுக்குகளில் மாட்டும். சேலை கட்டுகிறவர்களுக்கு இரண்டு ஊக்கு அவசியம். ஒன்று தோளில், ஒன்று கொசுவத்தில் முழங்காலுக்கு மேல். படகில் கால் வைக்கும் அந்த ஒரு அடியில் ஒரு கை கைப்பிடியில், மறு கை ஊழியரின் கையில் இருக்கும். கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்க மூன்றாவது கை இருக்காது. தொப்பிக்குத் தாடைக் கயிறு வேண்டும். குளிர்சாதன அறைக்கு ஒரு மெல்லிய சால்வை. கைப்பேசிக்குக் கழுத்துப் பட்டை. ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர் தனியாக.

பிள்ளைகளோடு போகிறவர்கள் ஏறியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பிள்ளையின் எடைக்கேற்ற மிதவைச் சட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. பெரியவர் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் சட்டை மிதக்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். மாட்டிப் பார்த்து இரண்டு தோளையும் பிடித்துத் தூக்குங்கள். சட்டை காதுக்கு மேல் ஏறினால் அது பெரியது, வேறு கேளுங்கள். கழிவறையைப் படகு கட்டியிருக்கும்போதே பயன்படுத்தச் சொல்லுங்கள். குறுகலான இடம், ஓடும்போது பெரியவர்களுக்கு நிலை தவறும். அதன் குழாய் மெல்லியது, தாள் போட்டால் அடைத்துக்கொண்டு மற்ற எல்லோருக்கும் அவதி.

கார் நிறுத்துமிடம் வெல்ட் கீ பக்கம் வார இறுதியில் கிடைப்பது அரிது. நகருக்குள் வேறு இடத்தில் நிறுத்திவிட்டு இலவச சிஏடி பேருந்தில் ஜெட்டி நிலையத்துக்கு வந்துவிடலாம். கோலாலம்பூரிலிருந்து வருபவர்கள் இடிஎஸ் ரயிலில் பட்டர்வொர்த் இறங்கி ஃபெரி ஏறினால் காரே தேவையில்லை. ரயில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும் என்பதால் அதே நாள் மதியப் படகுக்கு விடிகாலை வண்டிதான் சரிப்படும். எப்படி வந்தாலும் புறப்பாட்டுக்கு 40 நிமிடம் முன்பு ஜெட்டியில் இருங்கள். மேசை முன்பதிவு இல்லாத படகில் நல்ல இடம் முதல் இருபது பேரோடு முடிந்துவிடும்.

ஏறிய முதல் இருபது நிமிடம்

படகு கட்டியிருக்கும்போது தரை ஆடாது. குழம்பு, சூப், லக்சா எதுவானாலும் அப்போதே எடுத்துவிடுங்கள். சாப்பாட்டு மேசை கிளம்பிய பிறகுதான் திறக்கும் என்றால், துறைமுகத்துக்குள் மெதுவாகப் போகும் முதல் பதினைந்து நிமிடம் அடுத்த நல்ல நேரம். வீட்டில் நாலு பேர் என்றால் நாலு பேரும் வரிசையில் நிற்காதீர்கள். இருவர் எடுக்க, இருவர் இடம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

தட்டு நிரப்புவதில் ஒரு சின்ன முறை. சோற்றை நடுவில் குவித்து நாலு புறமும் கரையாகக் கட்டுங்கள், குழம்பு நடுக்குழியில். காய்ந்த பண்டங்கள் ஓரத்தில். கோப்பையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். ஒரு கையில் தட்டு, மறு கை எப்போதும் கைப்பிடிக்கு. இரண்டு கையிலும் தட்டும் கோப்பையுமாக மாடிப்படி ஏறுபவர்கள்தான் ஃபெரி அலை வந்ததும் பக்கத்தில் இருப்பவரின் சட்டையில் சாம்பாரை ஊற்றுகிறார்கள். சூப்பை மேல்தளத்துக்கு எடுத்துப் போகவே வேண்டாம். அங்கே காற்றுக்குத் தாள் கைத்துண்டு, காலிக் கோப்பை எல்லாம் பறக்கும். மேலே ஒரு கனமான பொருளை வைத்துவிடுங்கள், கடலில் விழுந்தால் எடுக்க ஆள் இல்லை.

முதல் சுற்றில் பாதி வயிறு. மீதிச் சாப்பாடு, இனிப்பு, காப்பி எல்லாம் திரும்பும் வழியில். போகும்போது பார்த்த கரையையே பெரும்பாலும் திரும்பும்போது மறுபடி பார்ப்பீர்கள். அப்போது உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டால் எதுவும் தவறாது.

எந்தப் பக்கம், என்ன தெரியும்

வெல்ட் கீயிலிருந்து படகு வடக்கே போனால் தீவு உங்கள் இடப்பக்கம், தெற்கே போனால் வலப்பக்கம். இதை மனத்தில் வைத்து மேசை பிடியுங்கள். ஸ்ட்ரெய்ட்ஸ் கீயிலிருந்து நகரை நோக்கி வரும் படகில் தீவு வலப்பக்கம்.

வடக்கே போகும் வழியில் முதலில் தெரிவது மணிக்கூண்டோடு கூடிய சுங்கத்துறைக் கட்டடம். தண்டவாளமே இல்லாத ரயில் நிலையமாகக் கட்டப்பட்டது அது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயணிகள் இங்கே சீட்டு வாங்கி, ஃபெரியில் அக்கரை போய் ரயில் ஏறினார்கள். அதற்குப் பின்னால்தான் பீச் ஸ்திரீட். கடற்கரைத் தெரு என்று பெயர், ஆனால் கடல் தெரியாது. 1880-களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ போடும் வரை அலை அங்கே அடித்தது. படகிலிருந்து பார்க்கும்போதுதான் நகரம் கடலுக்குள் எவ்வளவு நடந்து வந்திருக்கிறது என்பது புரியும்.

அடுத்து, 1904-இல் திறந்த சுவெட்டன்ஹாம் ஜெட்டி. பெரிய உல்லாசக் கப்பல் கட்டியிருக்கும் நாளில் அது பின்னாலிருப்பதையெல்லாம் மறைத்துவிடும். விக்டோரியா மணிக்கூண்டு 60 அடி, அரசியின் ஆட்சியாண்டு ஒன்றுக்கு ஓர் அடி என்ற கணக்கு, ஆனால் 60 அடி எங்கே, பதினைந்து மாடிக் கப்பல் எங்கே. கப்பல் நிற்காத நாளாகப் படகுக்காரரிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு கார்ன்வாலிஸ் கோட்டை. 1786 ஜூலையில் ஃபிரான்சிஸ் லைட் கரையிறங்கிய முனை. கோட்டையின் மூலையில் கப்பல் பாய்மரம் போல நிற்கும் இரும்புச் சட்டம் 1882-இல் எழுந்த கலங்கரை விளக்கம், உயரம் 21 மீட்டர். அதைத் தாண்டினால் பாடாங் திடல், வெள்ளை நகராட்சி மண்டபம், 1885-இல் தொடங்கிய இ அண்ட் ஓ ஹோட்டல்.

தெற்கே போனால் காட்சி வேறு. வெல்ட் கீ ஓரத்தில் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் சீனக் குல ஜெட்டிகள், பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஒரு குலத்தாரின் பெயரில். சூ ஜெட்டிதான் பெரியது. ஏற்றத்தில் பலகைக்கு அடியில் தண்ணீர் தளும்பும். வற்றத்தில் சேறும் தூண்களும் முழுக்கத் தெரியும், சேற்றில் நாரை நடக்கும். அதன் பின்னால் கொம்தார் கோபுரம், அதற்கும் பின்னால் 833 மீட்டர் கொடிமலை. மூன்றும் ஒரே கோட்டில் அடுக்காகத் தெரியும் சில நிமிடங்கள் உண்டு. தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள்.

பாலம் 1985 செப்டம்பர் 14 அன்று திறக்கப்பட்டது. மொத்தம் 13.5 கிலோமீட்டர், கடலுக்கு மேல் மட்டும் 8.4. கப்பல் நுழையும் நடு இடைவெளி 225 மீட்டர். அடியில் நுழையும் படகில் இருந்தால் முன்முனைக்குப் போகாமல் பக்கவாட்டுக் கைப்பிடி ஓரம் நின்று நிமிர்ந்து பாருங்கள். காரில் போகும்போது தெரியாத அடிப்பக்கம், தூண்களின் பருமன், தலைக்கு மேல் வண்டிகளின் உறுமல் எல்லாம் அங்கேதான்.

பாலத்துக்குத் தெற்கே காடு மூடிய ஜெரெஜாக் தீவு. வடக்குப் படகில் போனால் இது கிடையாது. தமிழர் குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டிய இடம் என்று ஒன்றைச் சொல்வதானால் இதைச் சொல்வோம். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி வந்த நம் முன்னோர் பலர் பினாங்கு மண்ணை மிதிப்பதற்கு முன், நோய் இருக்கிறதா என்று பார்க்க இங்கேதான் தடுத்து வைக்கப்பட்டார்கள். தொழுநோயாளிகளுக்கான இடமாகவும், 1969 முதல் 1993 வரை சிறையாகவும் இருந்தது. ரஜுலா கப்பலில் வந்த தாத்தா பாட்டி கதை வீட்டில் இருந்தால், அந்தக் கதையைச் சொல்ல இந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்கி வையுங்கள். ஒலிபெருக்கி வழிகாட்டி இதைச் சொல்வார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வானத்தையும் தண்ணீரையும் பாருங்கள். செம்மண் நிற முதுகும் வெள்ளைத் தலையுமாக வட்டமிடுவது கருடன். அதைவிடப் பெரிதாக, வெள்ளை வயிறும் சாம்பல் இறக்கையுமாக இருப்பது கடற்கழுகு. ஓங்கில்கள் (டால்பின்கள்) எப்போதாவது தலைகாட்டும். இளஞ்சிவப்பு முதுகு தெரிந்தால் அது வளர்ந்த கூன்முதுகு ஓங்கில். எந்த மீனுக்கும் பறவைக்கும் சாப்பாட்டை எறிய வேண்டாம்.

படம் எடுப்பவர்களுக்கு

ஜார்ஜ்டவுன் கிழக்கு நோக்கிய கரை. காலை முதல் பன்னிரண்டரை வரை வெளிச்சம் கட்டடங்களின் முகத்தில் விழும். இரண்டரைக்குப் பிறகு சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விட, நகரம் கறுத்துவிடும். ஆகவே நகரின் படங்களைப் புறப்பட்டதும் எடுத்து முடியுங்கள், திரும்பும்போது பட்டர்வொர்த் துறைமுகப் பாரந்தூக்கிகளையும் கப்பல்களையும் எடுங்கள். உச்சி வெயிலில் ஆள்களை வெளியே நிறுத்தி எடுத்தால் கண்குழியில் கறுப்பு விழும். கூரையின் விளிம்புக்கு ஓர் அடி உள்ளே, கடலைப் பார்த்து நிற்கச் சொல்லி எடுங்கள், தண்ணீரின் ஒளி முகத்தில் பரவும். படம் எல்லாம் மங்கலாக வருகிறதென்றால் கைப்பேசி பழுதல்ல, கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கிறது. துணியில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டுத் துடையுங்கள். காய்ந்த உப்பை அப்படியே தேய்த்தால் கீறும்.

இறங்கும்போது

படகு ஜெட்டியைத் தொட்டதும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து குவிவார்கள். கயிறு இரண்டு முனையிலும் கட்டி முடியும் வரை உட்கார்ந்திருங்கள். அந்தக் கடைசி இடிப்பில்தான் நின்றுகொண்டிருப்பவர்கள் விழுகிறார்கள். கையைக் கைப்பிடிக்கு வெளியே நீட்ட வேண்டாம், படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவில் நசுங்கும். பெரியவர்களைக் கடைசியாக, கூட்டம் போன பிறகு, ஊழியர் இருவர் துணையோடு இறக்குங்கள். சாய்பாலம் செங்குத்தாக இருந்தால் அவர்களுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் நடக்க வேண்டும்.

கரையில் கால் வைத்த பிறகும் தரை ஆடுவதுபோல் சிலருக்கு இருக்கும். அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். அதுவரை கார் ஓட்ட வேண்டாம். வெயில் தணிய லெபோ பாசார் கடைத்தெருப் பக்கம் நடந்து ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் நடை திறக்கும் நேரம் சாயங்காலம் எத்தனை மணி என்று கேட்டு அதற்கேற்பக் கிளம்பலாம்.